ஒரு கண்ணி விட்டு

இண்டூரில் சவுரியப்பன் வீட்டு முன்னறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்கள்:

சவுரியப்பன். வயது அறுபத்துநாலு. ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

அன்பரசி. அதே ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

குள்ளம்மாள். ஏரியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்.

பிரியதர்ஷினி. பெங்களூரில் உல்லன் நூல் விற்கும் ஒரு கம்பெனியில் பின்னல் புத்தகங்களைக் கொண்டுவரும் பொறுப்பில் இருப்பவர்.

நான், முருகேஷ். மேசையில் கிடந்த சால்வைகளுக்கு வழிமுறை எழுதியவன்.

சவுரியப்பனின் மனைவி இரண்டு தடவை டீ கொண்டுவந்தார். சால்வைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதால் அவரைச் சேர்க்கவில்லை.

இந்தப் பட்டியலுக்குக் காரணம் இருக்கிறது. நான் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதைக் கேட்டவர்கள் இவர்கள் நாலு பேர்தான்.

புதிதாக ஒரு வடிவம் எழுதினால், அச்சுக்குப் போகும் முன் வேறு ஆட்களிடம் கொடுத்துப் பின்னிப் பார்ப்பது இந்தத் தொழிலின் வழக்கம். எழுதியவனின் கண்ணில் படாத தப்பு அவர்கள் கையில் அகப்படும். சவுரியப்பன், அன்பரசி, குள்ளம்மாள் மூன்று பேருக்கும் ஒரே தாளைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். தமிழில், என் கையெழுத்தில். நூல் ஒன்று, ஊசியின் பருமன் ஒன்று, ஆரம்பத்தில் ஊசியில் ஏற்றும் நூல் வளையங்கள், அதாவது கண்ணிகள், நூற்று இருபத்தொன்று. மூன்று சால்வையும் ஒரே மாதிரி வந்திருக்க வேண்டும்.

மேசையில் விரித்தபோது மூன்றும் மூன்று சால்வைகளாக இருந்தன.

அன்பரசியுடையது நான் நினைத்தபடியே வந்திருந்தது. மெல்லிய கோடுகள், நடுவில் அரிசி சிந்தியதுபோல் சின்னச் சின்ன மேடுகள். சுத்தமான வேலை. பார்த்ததும் மறந்துபோகும். சவுரியப்பனுடையதில் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முறுக்கிய கயிறு மாதிரி தடித்திருந்தன.

"சார், இது சால்வையா, ஜமுக்காளமா?" என்றாள் அன்பரசி.

"தாள்ல என்னா இருந்துதோ அதத்தான் போட்டன். ஆர்டர மாத்தற பழக்கம் எனக்குக் கெடயாது" என்றார் சவுரியப்பன்.

குள்ளம்மாளுடையதைப் பற்றி யாரும் கிண்டல் செய்யவில்லை. அதில் நீளவாக்கில் பன்னிரண்டு ஏணிகள் இருந்தன. கண்ணி கழன்று கீழே ஓடும்போது நூல் படிப்படியாகத் தெரியுமே, அந்த ஏணி. பின்னுகிறவர்கள் எல்லோரும் பயப்படுகிற விஷயம் அது. ஆனால் இங்கே ஒவ்வொரு ஏணியும் எட்டு வரிக்கு ஒருமுறை நின்று, இறுகி, மறுபடி கிளம்பியது. அடி ஓரத்திலிருந்து மேல் ஓரம் வரை ஒன்றுகூடத் தவறவில்லை. சால்வை மற்றவற்றில் பாதி எடைதான் இருப்பதுபோல் தெரிந்தது. பிரியதர்ஷினி அதை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்தார். தெருவில் நின்ற ஸ்கூட்டர் அந்தப் பக்கம் கோடு கோடாகத் தெரிந்தது.

"இது புத்தகத்துல வரணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இது உங்க டிசைன்தானே, முருகேஷ்?"

"ஆமாம்" என்றேன்.

குள்ளம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்ளருக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. என்ன இருந்தது என்றும் தெரியவில்லை.

பிரியதர்ஷினி படம் எடுத்துக்கொண்டார். எட்டு வடிவங்கள் கொண்ட புத்தகம், ஒவ்வொன்றுக்கும் வடிவமைத்தவரின் பெயரும் படமும் உண்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் திருத்தமான வழிமுறையும் இந்தச் சால்வையும் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் ஏன் ஆமாம் என்றேன் என்பதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. தாள் என்னுடையது. அந்தத் தாளை வைத்துப் பின்னியதுதான் அந்தச் சால்வை. எனவே அது என் வடிவம். இது ஒன்று. இன்னொன்றைச் சொல்ல நாலு வருஷத்தைச் சொல்ல வேண்டும்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷம் இரவு ஷிப்ட் பார்த்தேன். தூக்கம் வராமல் இருக்க ஃபோனில் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் வேலையை விட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. பகலில் தூங்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பின்னல்தான். பெங்களூரில் ஒரு பூங்காவில் மாதம் ஒருமுறை பின்னுகிறவர்கள் கூடுவார்கள், போனேன். குன்னூர் போனேன். இமாச்சலத்தில் குலு வரைக்கும் ரயிலிலும் பஸ்ஸிலும் போனேன். அங்கே ஒரு பெண் முதுகில் புல்லுக்கட்டோடு நடந்துகொண்டே காலுறை பின்னினாள். அவள் தன் ஊசியைப் பார்க்கவே இல்லை, என் ஊசியைப் பார்த்தாள். ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாய், அது ஓடியா போகும் என்று கேட்டாள். கூட இருந்தவர் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த ஒரு கேள்விக்காக மூன்று நாள் பயணம் செய்திருக்கிறேன் என்று நினைத்தேன். திரும்பி வந்தும் இறுக்கித்தான் பிடிக்கிறேன்.

இந்த நாலு வருஷத்தில் என் வடிவங்களை இரண்டு கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. ஒன்றிலும் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, பெயர் போடும் வழக்கம் இல்லை என்றார்கள். ஊரில் கேட்பவர்களுக்கு நான் இன்னும் "வேலைய வுட்டுட்டு ஸ்வெட்டர் போடறவன்". அச்சில் ஒரு பக்கம், கீழே ஒரு பெயர். அது மட்டும் இருந்தால் இந்த நாலு வருஷத்தை என்னவென்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது பதில் அது.

வீட்டுக்கு வந்து சால்வையை விரித்தேன். விழுந்த கண்ணிகள் என்று தெரிந்தது. விழுந்தது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, பன்னிரண்டு கண்ணிகள் திரும்பத் திரும்ப விழுந்தும் எண்ணிக்கை எப்படி நூற்று இருபத்தொன்றாகவே இருக்கிறது என்பது தெரியவில்லை. மூன்று மாதிரிகள் பின்னினேன். ஒன்றில் ஏணி அடிவரை ஓடியது. ஒன்றில் துணி மேலே போகப் போகச் சுருங்கியது. மூன்றாவதில் ஏணிக்குப் பக்கத்தில் வேண்டாத ஓட்டைகள் விழுந்தன. அதைவிடப் பெரிய குழப்பம், என் தாளில் இது எங்கே இருக்கிறது என்பது. இருபது தடவையாவது படித்திருப்பேன். கண்ணியைக் கழற்றச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. ஆனால் குள்ளம்மாளும், மற்ற இருவரைப்போலவே, தாளில் இருந்தபடி போட்டதாகத்தான் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை மதியத்துக்கு முன்பே சால்வையைப் பையில் வைத்துக்கொண்டு ஏரியூர் போனேன்.

அவர் வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, ஓட்டு வீடுகள் வரிசையில் மூன்றாவது. நான் வருவதாக முந்தின நாள் ஃபோனில் சொல்லியிருந்தேன். உள்ளே கோழிக் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. எனக்காக அடித்த கோழி என்று பக்கத்து வீட்டு செல்லி சொன்னார். அவர் வாசலிலேயே உட்கார்ந்து என்னை முழுசாகப் பார்த்தார்.

"நீதான் அந்த ஆளா? பாத்தா நல்லாத்தான் கீற. ஊசி புடிக்கறேங்கறாங்க, பொண்ணு கெடைக்குதா?"

"இல்லீங்க" என்றேன்.

"எப்பிடிக் கெடைக்கும்? வர்றவளுக்கு அங்க என்னா வேல?"

குள்ளம்மாள் அவரை அதட்டி அனுப்பினார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார், ஃபேனைத் தன் பக்கமிருந்து என் பக்கம் திருப்பினார், ஸ்டூல் வேண்டாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இண்டூரில் பார்த்த ஆள் இவ்வளவு பேசுகிறவர் இல்லை. ஏன் இந்த மரியாதை என்று எனக்குப் பிடிபடவில்லை. களவு கண்டுபிடிக்கப்பட்டவனுக்குக் கோழி அடிக்கமாட்டார்கள்.

சால்வையை எடுத்தேன். இதேமாதிரி ஒரு சாண் அகலத்துக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. தாளைக் கையில் வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டு ஆரம்பித்தார். பதினெட்டு வயதில் சிக்மகளூர் பக்கம் காபி எஸ்டேட்டுக்குப் போனபோது அங்கே கணக்கு எழுதும் ரைட்டரின் மனைவியிடம் கற்றுக்கொண்டதாம். குளிருக்கு வேறு வழி இல்லையாம். கை வேகமாகப் போனது. எட்டு வரிகள் எதுவும் வித்தியாசம் இல்லை. ஒன்பதாவது வரியில், பன்னிரண்டு இடங்களில் செய்யும்படி நான் எழுதியிருந்தது இது: ஒரு கண்ணி விட்டு அடுத்ததைப் போடவும்.

அவர் ஒரு கண்ணியை ஊசியிலிருந்து கழற்றினார். அப்படியே விட்டார். துணியை விரலால் இரண்டு பக்கமும் இழுத்தார். அந்தக் கண்ணி கடகடவென்று கீழே ஓடியது. அடுத்த கண்ணியைப் போட்டார்.

"ஏன் அத விட்டீங்க?"

"விட்டுன்னு எழுதிருக்குதே."

"மாத்தி வெக்கணும்க்கா. பின்னாம, இந்த ஊசியிலருந்து அந்த ஊசிக்கு. அதத்தான் விட்டுன்னு எழுதுனேன்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "விடறதுன்னா விடறதுதான. எஸ்டேட்டுல அந்தம்மா 'பிடு'ம்பாங்க, கன்னடத்துல. அதுவும் விடறதுதான். நீங்க வேலைய விட்டீங்களே தம்பி, மாத்தியா வெச்சீங்க?"

மற்ற இருவரின் சால்வைகளை நினைத்துப் பார்த்தேன். அன்பரசி கான்வென்ட்டில் படித்தவள். அவளுக்கு இந்தப் பின்னல் முன்பே ஆங்கிலத்தில் தெரியும், என் தமிழ் அவளுக்குத் தேவைப்படவே இல்லை. சவுரியப்பன் கால் உடைந்து ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கற்றவர். அவர் ஒரு கண்ணியை விட்டுவிட்டு அடுத்ததை முதலில் போட்டு, வரிசையில் விட்டுப்போனவனைத் திரும்ப வந்து கூட்டிப்போவது மாதிரி, விட்டதைப் பிறகு போட்டிருக்கிறார். அதனால்தான் கயிறு. ஒரு வார்த்தை, மூன்று சால்வைகள். மூன்று பேரும் சொன்னது உண்மை. தாளில் இருந்தபடிதான் போட்டிருக்கிறார்கள்.

"சரி, கண்ணி கொறஞ்சிருக்குமே?" என்றேன்.

அவர் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தார். குறைந்தது என்று ஆரம்பித்து, நடந்ததைச் சொன்னார். முதல் தடவை பன்னிரண்டும் அடி ஓரம்வரை ஓடிவிட்டன, பயந்துபோய்விட்டேன், எண்ணினால் நூற்று ஒன்பது. தாளில் மேற்கொண்டு படித்துப் பார்த்தால் எந்த வரியிலும் கூட்டச் சொல்லவில்லை, கடைசியில் மட்டும் நூற்று இருபத்தொன்றை முடிக்கவும் என்று இருந்தது. தம்பி கணக்கில் தப்பு விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். உங்களைக் கேட்டால் சங்கடப்படுவீர்கள். அதனால் அடுத்த வரியில், கண்ணி விழுந்த இடத்தில் எல்லாம் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் புதுக் கண்ணி ஏற்றிவிட்டேன். அடுத்தமுறை அதே இடத்தில் விட்டபோது, சுற்று போட்ட இடம்வரை ஓடி அதற்குமேல் ஓடாமல் நின்றுவிட்டது.

இதைச் சொல்லிக்கொண்டே அவர் கை அதைச் செய்து காட்டியது. சுற்று, எட்டு வரி, விடு, மறுபடி சுற்று. நான் மூன்று நாள் தேடியது அந்த ஒரு சுற்று. அதை நான் எழுதவில்லை. நான் எழுதியிருந்த வார்த்தையை அவர் தப்பாகப் படித்தார். அதில் இல்லாத தப்பைத் திருத்தினார். அந்தத் திருத்தம்தான் சால்வை. நான் எழுதியிருக்காவிட்டால் அவர் விட்டிருக்கமாட்டார். அவர் சுற்றாவிட்டால் அது கந்தல். இதில் என் பங்கு எது என்று யோசிக்க ஆரம்பித்தேன். முடிவில்லாமல் போனது.

அப்போதுதான் அவர் சொன்னார்.

"அன்னிக்கி நீங்க பண்ணது பெரிய விசயம் தம்பி. வூட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொன்னன்."

"எது?"

"மூணு சால்வைய வெச்சதும் நான் மத்த ரெண்டயும் பாத்தன். என்னுதுதான் கந்தலா தெரியுது. அந்தப் பெங்களூர் பொண்ணு தூக்கிப் புடிச்சிக் கேட்டுது, இது உங்க டிசைனான்னு. நான் போட்ட தப்ப, ஆமாம், என்னுதுதான்னு நீங்க ஏத்துக்கிட்டீங்க. எம் பேர விட்டுக் குடுக்கல. வேற யாரா இருந்தாலும் இந்தம்மா சொதப்பிருச்சுன்னு சொல்லிருப்பாங்க."

கோழி எதற்கு என்று புரிந்தது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்குச் சந்தோஷம், எனக்குப் பெயர், புத்தகத்துக்கு ஒரு நல்ல சால்வை. யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு நிமிஷம்வரை இதுதான் சரி என்று இருந்தேன். பிறகு அந்த இரண்டு கம்பெனிகள் ஞாபகம் வந்தன. அவர்களும் இப்படித்தான் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருப்பார்கள். நல்லவனாக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் குழம்பைச் சாப்பிட வேண்டும், சாப்பிடும்போது அவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். அதற்காகத்தான் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பொண்ணு தப்புன்னு கேக்கல. மூணுல அதுதான் நல்லாருக்குன்னு எடுத்துச்சு. புத்தகத்துல போடப்போறாங்க. யாரு டிசைன்னு பேரு போடுவாங்க. நான் எம் பேர் வரணும்னுதான் ஆமான்னேன்."

அவருக்கு இது உள்ளே போக நேரமாயிற்று. சால்வையை எடுத்து மடியில் வைத்தார். ஏணிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். கந்தலாகப் பார்த்த துணியை வேறுமாதிரி பார்க்க முயற்சி செய்தார் என்று நினைக்கிறேன். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

"நல்லாருக்குன்னா சொல்லுச்சு?"

"ஆமாங்க."

"தப்பு இல்லியா?"

"இல்லீங்க."

"அப்ப நாலு நாளா நான் உங்கள சாமி மாதிரி பேசிட்டுத் திரிஞ்சன்."

ஃபேன் மட்டும் இன்னும் என் பக்கமே ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசத் தொடங்கினேன். இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லலாம், அல்லது உங்கள் பெயர் மட்டும், பிரியதர்ஷினியிடம் நானே பேசுகிறேன் என்று. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

புதுத் தாளில் எழுத வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒன்பதாவது வரிக்கு வந்ததும், விட்டு என்று எழுதாதீர்கள், இனிமேல் யாரும் என்னைப்போல் முழிக்கக் கூடாது என்றார். "ஒரு கண்ணியை ஊசியிலிருந்து கழற்றி ஓட விடவும்" என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். சரி என்றார். அடுத்த வரி அவருடையது: "கண்ணி விழுந்த இடத்தில் நூலை ஒருமுறை சுற்றிக் கண்ணி ஏற்றவும்." எழுதும்போது அது நான் யோசித்த வாக்கியம்போலவே இருந்தது. எண்ணிக்கையை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் போட வைத்தார். நூற்று ஒன்பது, நூற்று இருபத்தொன்று, நூற்று ஒன்பது. முடிந்ததும், வடிவமைப்பு என்று போட்டு இரண்டு புள்ளி வைத்தேன்.

"என்ன எழுதட்டும்?"

"அத அப்படியே வுடுங்க."

இந்த முறை விடுவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி இரண்டாக மடித்தார். சால்வையையும் அவரே வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் விலாசத்தையும் ஃபோன் நம்பரையும் தனியாக எழுதித் தாருங்கள், நானே அனுப்பிக்கொள்கிறேன், பேசியும் கொள்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன். நம்பரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்.

பிறகு சாப்பாடு போட்டார். களி, கோழிக் குழம்பு. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. எதிரில் உட்காரவில்லை; அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, குழம்பு தீர்ந்தபோது மட்டும் வந்து ஊற்றிவிட்டுப் போனார். ஈரல் துண்டுகூட என் தட்டில்தான் விழுந்தது. கோபமாக இருக்கிற ஆள் ஈரலை வைப்பாரா, மன்னித்த ஆள் பேசாமல் இருப்பாரா என்று யோசித்துக்கொண்டே தின்றேன். அந்தக் காலி இடத்தில் அவர் தன் பெயரை எழுதுவார். என் பெயரையும் சேர்க்கலாம். என் பெயரை மட்டும்கூட எழுதலாம், அப்படி எழுதினால் அதைவிடப் பெரிய அடி வேறு இல்லை. மூன்றில் எது வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முதல் தடவையாக எனக்கு அது தெரியவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, வர்றேங்க்கா என்றேன்.

"ஒரு மணிக்கு பென்னாகரம் வண்டி. அத வுட்டா மூணுக்குத்தான்" என்றார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். தெருவில் ஒரு வீட்டுக் கதவுகூடச் சாத்தியிருக்கவில்லை. செல்லி தன் வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். குள்ளம்மாள் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.